மாடு எங்கே சாணி போடணும்?

அந்தத் தெருவில் அவளுக்கு 'முடியாதக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்கள் கிடையாது. எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது 'முடியாது'தான். அப்புறம் யோசித்துப் பாதி விஷயங்களுக்குச் சரி என்பாள். மீதிப் பாதிக்கு நீங்கள் தலைகீழாக நின்றாலும் மசிய மாட்டாள். பெயர் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த முடியாதுகளில் ஒன்றுக்கு அவள் கொடுத்த விலை என்னவென்று தெரியாமல் பல்லைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

லாரிகள் திரும்பும் ரோட்டோரம் அவளுடைய பால் பண்ணை. அவளுடையது என்றால் அவளுக்கும் தம்பிக்கும் சேர்ந்தது. அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுத்தபோது அவள் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். மாட்டையெல்லாம் விற்றுவிடலாம், உன்னால் முடியாது என்றார் அப்பா. வந்ததே கோபம். அடுத்த நாளே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் இறங்கியவள், இன்றுவரை அதைக் கழற்றவில்லை என்று தம்பி கேலி செய்வான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் பூட்ஸோடு போய் நின்றாள். வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, கேட்டவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்தாள்.

அப்பா காலத்தில் மாடுகளை எப்போதும் சிமெண்டுத் தரையில் கட்டியே வைத்திருந்தார்கள். அவள் வந்ததும் செய்த முதல் காரியம், பின்பக்க இரும்புக் கேட்டைத் திறந்துவிட்டது. கேட்டைத் தாண்டினால் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் புல்வெளி. வயசான மாடு ஒன்று கேட்டருகே வந்து, காலை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் புல்லை முகர்ந்துகொண்டே நின்றது. பிறகு கன்றுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்துவிட்ட பிறகு அந்தக் கேட்டை மூட அவளுக்கு மனசு வரவேயில்லை. அன்றிலிருந்து காலைப் பால் கறந்து முடிந்ததும் மாடுகள் வெளியே போகும், சாயங்காலக் கறவைக்கு உள்ளே வரும். இப்போது அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, 'மகாராணி' என்ற கறுப்பு மாடு. அது நகர்ந்தால்தான் மற்றவை நகரும்.

தம்பி வளர்ந்து, கல்யாணமாகி, பண்ணைக்குள்ளேயே நின்றுவிட்டான். கறவையும் பால் அறையும் அக்காவின் பொறுப்பு. குளம்பு வெட்டுவது, மருந்து போடுவது, பிரசவத்தில் கன்றை இழுத்து எடுப்பது தம்பியின் பொறுப்பு. மாட்டின் காலைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து அவன் முதுகே வளைந்துவிட்டது. ஒரு மாடு நொண்டினால் அவனுக்குச் சோறு இறங்காது.

இந்தத் தொழிலில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பாலுக்கு விலை சொல்வது பால் கம்பெனி. தீவனத்துக்கு விலை சொல்வது தீவனக் கடைக்காரர். பாலைக் குளிர்விக்கும் கரண்டுக்கு விலை சொல்வது மின்சார ஆபீஸ். விலை சொல்லும் இடத்தில் பண்ணைக்காரன் ஒருநாளும் இல்லை. இருக்கிறதையெல்லாம் சுருட்டி இந்த மூன்று பேருக்கும் பங்கு வைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் இவர்கள் சாப்பிடலாம். யாரும் விலை சொல்ல வராத பொருள் ஒன்றே ஒன்றுதான் பண்ணையில் இருந்தது: சாணம். கொட்டகைக்குப் பின்னால் குழியில் அது மலையாகக் குவிந்து, மழை வந்தால் பக்கத்து வாய்க்காலில் வழிந்து, சண்டையைக் கொண்டுவந்தது.

அதற்கும் விலை சொல்ல ஒருநாள் ஆள் வந்தார்.

வந்தவர் ஒரு எரிவாயுக் கம்பெனிக்காரர். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பால் அறை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் சாக்ஸோடு நின்று பேசினார். ரோட்டில் உள்ள எல்லாப் பண்ணைகளின் சாணத்தையும் குழாய் வழியாக ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து எரிவாயு எடுத்து விற்கப் போகிறார்களாம். குழியும் குழாயும் கம்பெனிச் செலவு. பண்ணைக்காரர் சாணத்தைக் கொடுத்தால் போதும், மாதா மாதம் பணம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி இந்தப் பண்ணை மட்டும்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா பால் தொட்டியைத் தேய்ப்பதை நிறுத்தாமலே கேள்வி கேட்டாள். சாணம் காற்றில் விடும் வாயுவைப் பிடித்து வைப்பதற்கு என்று தனியாக ஏதோ சான்றிதழ் தருகிறார்களாம், அதையும் விற்கலாமாம், அந்தக் காசு யாருக்கு? கம்பெனிக்கு. வாயு எடுத்த பிறகு மிஞ்சும் கரைசல் நல்ல உரமாயிற்றே, அது? கம்பெனிக்கு, வேண்டுமானால் சலுகை விலையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நம் சாணத்தை நாமே காசு கொடுத்து வாங்குவதா என்று அவள் கேட்டதும், கம்பெனிக்காரர் இருமினார்.

அவள் கையைத் துடைத்துவிட்டு ஒப்பந்தத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி விடாமல் படித்தாள். நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது. மாடுகளைக் கொட்டகையை விட்டு வெளியே மேயவிடக் கூடாது.

"ஏன் சார்?"

"புல்லுல விழற சாணி எங்களுக்கு நஷ்டம் மேடம். கணக்குப் போட்டுத்தானே குழாய் போடறோம்."

"மாடு எங்க சாணி போடணும்னு எழுதியே வச்சிட்டீங்க. அதுக்குப் படிக்கத் தெரியாதே சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முடியாது என்று காகிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மழைக்காலம் முடிந்ததும் குழாய் பதிக்கத் தொடங்குவோம், அதுவரை யோசியுங்கள் என்று அவர் ஷூவை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் கார் திரும்புவதற்குள் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. தம்பிக்கு இப்படிக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. கன்று விற்றால் தீவனத்துக்கு, பால் விற்றால் கரண்டுக்கு என்று போகிறதே, நிச்சயமாக ஒரு பணம் வருகிறது என்றால் அதையும் உதைத்துத் தள்ளுவாயா என்று கத்தினான்.

"உனக்கு வீம்பு பெருசு அக்கா. எனக்கு முதுகு போச்சு. இன்னும் எத்தனை வருஷம் இதே மாதிரி?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்ததைக் காட்டிக்கொள்ளும் ஜாதியா அவள்? ஒன்றுக்கும் உதவாததைத் தேடி எவனும் காரில் வரமாட்டான். அவர் தேடி வந்திருக்கிறார் என்றால் நம் குழியில் ஏதோ இருக்கிறது. அதை நாமே எடுப்போம் என்றாள். எடுத்து யாரிடம் விற்பது என்று தம்பி கேட்டான். மின்சார ஆபீஸில் ஏற்கெனவே விசாரித்திருந்தாள். நம்மிடம் வாங்கும் கரண்டுக்கு அவர்கள் தரும் விலையைக் கேட்டால் அழுகை வரும். அதே கரண்டை நமக்கு விற்கும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

"விக்க வேணாம்டா. விக்கிறதுல ஒண்ணுமே இல்ல. வாங்காம இருந்தா போதும், அதுதான் லாபம்."

பால் தொட்டியைக் குளிர்விக்கவும், கறவைக் குழாய்களைக் கழுவும் வெந்நீருக்கும்தான் பண்ணையின் கரண்டில் பெரும்பங்கு போகிறது. சாண வாயுவில் ஒரு எஞ்சினை ஓட்டினால் கரண்டும் வரும், எஞ்சின் சூட்டில் வெந்நீரும் வரும். உரம் நம் புல்லுக்கே போகும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் சாண வாயுவில் பால் தொட்டி ஓடினால், ஒப்பந்தம் குப்பைக்கு. ஓடாவிட்டால் இரண்டு பேரும் கையெழுத்து, கேட்டுக்குப் பூட்டு. அவள் வாக்குக் கொடுத்தாள். பணயம் வைத்தது அந்தக் கேட்டையே.

பணத்துக்குத் தன் சின்ன வேனை விற்றாள். அந்த வேன்மேல் அவளுக்கு உயிர். விற்றபோது உதட்டைக்கூடக் கடிக்கவில்லை. பழைய குழிக்குச் சிமெண்டு பூசி, மேலே கனமான ரப்பர் விரிப்பைப் போட்டு, ஓரமெல்லாம் காற்றுப் புகாமல் இறுக்கினார்கள். குழாய் வேலைக்கு ஒரு வெல்டர் வந்தார். பால் அறை, கறவைக் கொட்டகை எல்லாவற்றின் கழுவு வாய்க்காலையும் குழியை நோக்கித் திருப்பிவிட்டார். தரையில் விழும் சாணம் ஒரு கரண்டிகூட வீணாகக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

பாலுக்கு உறை ஊற்றுவது போல, சாணக் குழிக்கும் உறை ஊற்ற வேண்டும். ஏற்கெனவே வாயு வரும் குழியிலிருந்து கரைசல் கொண்டுவந்து கலந்தால்தான் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி வேலையைத் தொடங்கும். தூரத்துப் பன்றிப் பண்ணை ஒன்றில் அது கிடைத்தது. வாடகை லாரியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு அவளே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வழியில் டீசல் போட நிறுத்தியபோது, வரிசையில் நின்ற வண்டியெல்லாம் காணாமல் போனது. வரிசையே இல்லாமல் டீசல் போட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று டிரைவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தெரு சிரித்தது. சாணி எஞ்சினியர் என்று இன்னொரு பெயரும் வைத்தது. ரப்பர் விரிப்பு பல நாள் அசையாமல் கிடந்தது. அப்புறம் ஒரு காலையில் நடுவில் கொஞ்சம் உப்பியிருந்தது. அது தினமும் உப்பி, ஒருநாள் தொட்டால் திண்ணென்று இருந்தது. குழாய் முனையில் தம்பி மனைவி நெருப்பை நீட்டினாள். "அண்ணி, தள்ளி நில்லுங்க, புருவம் போயிடும்" என்று அவள் அக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் நீலச் சுடர் குபீரென்று எழுந்து, அக்காவின் ஒரு புருவத்தைக் கொண்டுபோய்விட்டது. அவள் ஒற்றைப் புருவத்தோடு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். எஞ்சின் உறுமியது. பால் தொட்டி முனகிக்கொண்டு குளிர்ந்தது. தம்பி அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தான். அவன் பாராட்டு அப்படித்தான் வரும்.

அப்போதுதான் மழை பிடித்தது.

மழை என்றால் பண்ணைக்குக் குளம்பு நோய். சேற்றிலும் ஈரத்திலும் நின்று மாடுகளின் குளம்புகளுக்கு நடுவில் புண் வந்துவிடும். வருஷா வருஷம் செய்வதைத்தான் இந்த வருஷமும் செய்தார்கள். கறவைக் கொட்டகை வாசலில் ஆழமில்லாத தொட்டியில் மயில்துத்தத்தைக் கரைத்து வைத்து, மாடுகளை அந்த நீலத் தண்ணீரில் நடக்கவிடுவார்கள். துத்தம் கரைப்பது தம்பி. கறவை முடிந்து தரையைக் கழுவும்போது அழுக்கான தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத் தொட்டியைக் கழுவி வைப்பது அக்கா. இத்தனை வருஷமாக இதே வேலை, இதே கை.

ரப்பர் விரிப்பு மெல்லத் தொய்ந்தது. முதலில் மழைத் தண்ணீரின் கனம் என்று நினைத்தாள். பிறகு குளிர் என்று நினைத்தாள். சுடர் சிறுத்து, திக்கி, ஒருநாள் அணைந்தே போனது. எஞ்சினைக் கிளப்பக் கிளப்பக் கை வலித்ததுதான் மிச்சம். வெல்டர் குழாயெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், ஓட்டை எங்கும் இல்லை. மேயப்போகும் மாடு என்ன சாணி போடும், குழி பட்டினியில் செத்திருக்கும் என்று தெருவில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் தூக்கம் கெட்டு, கண் சிவந்து, கடைசியில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள். தம்பி மாட்டின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்துப் போடணும்னு உனக்குத்தானே ஆசை. நீதான் ஏதோ பண்ணிருக்க."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். மாட்டின் காலை மெதுவாகக் கீழே விட்டான். குளம்புக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சாப்பிடவில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் தம்பி மனைவி இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சொன்னாள். கெட்டுப்போனது குழி மட்டும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க அவளுக்கு வாய் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கம்பெனிக்காரர் வந்தார். காரைச் சந்தில் நிறுத்திவிட்டு, வழக்கம் போல ஷூவைக் கழற்றப் போனவரை, முதலில் குழியைப் பாருங்கள் என்று அவளே கூப்பிட்டுக்கொண்டு போனாள். மறைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. அவர் விரிப்பைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், நல்ல வேலை என்று மனசாரச் சொன்னார். திரும்பும்போது கழுவு வாய்க்கால் ஓரமாகக் குனிந்தார். சிமெண்டில் நீலப் பச்சையாகக் கறை படிந்திருந்தது.

"மயில்துத்தம் இதுல ஊத்தறீங்களா மேடம்?"

"குளம்புத் தொட்டித் தண்ணி. அதுக்கென்ன?"

"புண்ணுல இருக்கிற கிருமியைக் கொல்றது, குழியில இருக்கிறதை மட்டும் விட்டு வைக்குமா? எல்லாம் செத்திருக்கும்."

அவள் அந்தக் கறையைப் பார்த்தாள். அது கொட்டகை வாசலில் தொடங்கி, அவள் தினமும் தொட்டியைக் கவிழ்க்கும் இடத்திலிருந்து, அவளே திருப்பச் சொன்ன வாய்க்கால் வழியாக, நேராகக் குழிவாய் வரைக்கும் போயிருந்தது. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் வேறு பக்கம் ஓடியது. வாய்க்காலைத் திருப்பச் சொன்னவளே, தொட்டியை மட்டும் பழைய இடத்திலேயே கவிழ்த்திருக்கிறாள். பழி போட்டது யார் மேல்?

தம்பி பின்னால் நின்றிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்டா கொன்னேன். என் கையாலதான். உன்னைப் போய்ச் சொன்னேன் பாரு, என் வாய்ல புண்ணு வர."

தம்பி இடத்தை விட்டுப் போகவில்லை.

வாக்கு வாக்குதான். அவள் பால் அறைக்கு நடந்து, தொட்டி மூடிமேல் ஒப்பந்தத்தை விரித்தாள். பேனாவை வாங்கினாள். ஜன்னல் வழியாகக் கேட்டருகே மகாராணி நிற்பது தெரிந்தது. நேரமாகிவிட்டது, ஏன் இன்னும் திறக்கவில்லை என்று அது கம்பியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். உங்கள் குழாய்க்கும் துத்தம் ஆகாதா என்று கம்பெனிக்காரரிடம் கேட்டான். சுத்தமாக ஆகாது என்றார் அவர். ஒரு பண்ணைத் தண்ணீர் வந்தாலும் எல்லோர் சாணமும் சேரும் குழியே போய்விடும். அதனால்தான் துத்தமோ, வேறு கடுமையான மருந்தோ, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே மாட்டுக்குப் போட வேண்டும் என்று பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது.

"அனுமதி வர எத்தனை நாள் ஆகும் சார்?"

"ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்."

"நாள் பூரா சிமெண்ட்லயே நிக்கணும். மேயக் கூடாது. குளம்பு அழுகினா பத்து நாள் காத்திருக்கணும். அதுவரைக்கும் மாடு நொண்டிக்கிட்டு நிக்கும், நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

கம்பெனிக்காரர் நல்ல மனுஷன், அதனால் பொய் சொல்லத் தெரியவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது என்றார்.

தம்பி அக்காவின் கையிலிருந்து பேனாவை வாங்கினான். மூடியைப் போட்டான். அதைக் கம்பெனிக்காரரின் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகினான்.

"முடியாது சார்."

அக்கா அவனையே பார்த்தாள். அவள் ஆயுசில் எத்தனை முடியாது சொல்லியிருப்பாள். இன்னொருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அவளுக்காக வந்தது இதுதான் முதல் தடவை. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமலே, நாளைக்கே குழியைக் கழுவிட்டுப் புது உறைக்கு அந்த நாத்தம் பிடிச்ச லாரியைச் சொல்லு, துத்தத் தண்ணிக்குத் தனியா ஒரு குழி நான் வெட்டுறேன் என்று சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்க் கேட்டைத் திறந்தான்.

மகாராணி சந்தில் இறங்கியது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் இறங்கியது. கம்பெனிக்காரர் காருக்குள் ஏறி உட்கார்ந்தபோது முன்னாலும் மாடு, பின்னாலும் மாடு. ஹாரன் அடிக்க அவருக்கும் மனம் வரவில்லை. மகாராணி காருக்கு நேர் முன்னால் நின்றது. சாவகாசமாக வாலைத் தூக்கியது.

அக்கா மண்வெட்டியும் வாளியுமாகச் சந்துக்கு வந்தாள். காருக்கு முன்னால் குனிந்து, ஆவி பறக்கும் சாணத்தை ஒரு துளி விடாமல் வழித்து வாளியில் போட்டாள். கம்பெனிக்காரர் கண்ணாடியை இறக்கி, உதவி வேண்டுமா என்பது போலப் பார்த்தார்.

"வேணாம் சார், இது எங்களோடது" என்றாள் அவள். "நீங்க போகலாம்."